பழைய அடைப்பைத் தோண்டி எடுக்கும் முன்

சொத்தைக்காக அடைத்த பல்லில் ஓரமாக ஒரு சின்னத் துண்டு பெயர்ந்துவிடுகிறது. அல்லது அடைப்பைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கோடு விழுகிறது. சரிசெய்ய இரண்டு வழி உண்டு. பழுதான இடத்தை மட்டும் சுத்தம்செய்து அங்கே மட்டும் அடைக்கலாம். இல்லையென்றால் பழையதை அடியோடு எடுத்துவிட்டு முழுதாகப் புதிதாக அடைக்கலாம். நோயாளிகள் பலருக்கு மனம் இரண்டாவது பக்கமே சாய்கிறது. ஒட்டுப்போட்டது எத்தனை நாள் தாங்கும், செலவோடு செலவாக ஒரேயடியாக முடித்துவிட்டால் நிம்மதிதானே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அது அடைப்பை மட்டும் பார்த்துப் போடும் கணக்கு. அடைப்பைத் தனியாகக் கழற்ற வழியில்லை. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் சுற்றியுள்ள நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்தே போகிறது. ஆகவே, எந்த வழியில் அடைப்பு நீடிக்கும் என்பதைவிட, எந்த வழியில் பல் நீடிக்கும் என்றே முதலில் கேட்க வேண்டும்.

பல்லின் மேலுறையான எனாமலை உருவாக்கும் செல்கள், பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதோடு அழிந்துவிடுகின்றன. அதன் பிறகு இழந்த எனாமல் திரும்ப வளராது. அடியிலுள்ள டென்டின் உட்பக்கமாகக் கொஞ்சம் வளரும் என்றாலும், வெளியே செதுக்கி எடுத்ததை அதனால் ஈடுகட்ட முடியாது. இதில் பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் அடைப்பு தனிச் சிக்கல். வெள்ளிநிற அமால்கம் என்றால் அடைப்பு எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். காம்போசிட்டில் அந்த எல்லை பிடிபடாது. தண்ணீர் தெளித்தபடி சுழலும் டிரில்லின் முனையில் இரண்டும் ஒரே வெள்ளை. பழையது துளியும் மிஞ்சக் கூடாதென்று செதுக்கச் செதுக்கக் குழி பெரிதாகிறது. பெரிய குழிக்குப் பெரிய அடைப்பு. அது பழுதானால் அதைவிடப் பெரியது. சுவர் மெலிந்த பல்லில், எதையாவது கடிக்கும்போது மூலை உடைகிறது. நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பற்கூழைக் குழி நெருங்குகிறது. ரூட் கேனால், கேப் என்று போய்க் கடைசியில் பல்லையே பிடுங்க வேண்டியும் வரலாம். இந்தச் சுழலைப் பற்றி பிரிட்டனின் பல் மருத்துவ ஆய்வாளர் ரிச்சர்ட் எல்டர்டன் 1980களிலேயே எச்சரித்தார்.

பழுது என்று முடிவுசெய்வதிலேயே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதையும் அவர் காட்டினார். 1983இல் அவரும் சக ஆய்வாளரும் வெளியிட்ட ஆய்வில், 18 இளம் வயதினரின் பற்களை 15 மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து, எந்தெந்தப் பரப்புகளுக்குச் சிகிச்சை வேண்டும் என்று குறித்தார்கள். மிகக் குறைவாகக் குறித்தவர் 20 பரப்புகள். மிக அதிகமாகக் குறித்தவர் 153. பார்த்த வாய்கள் என்னவோ அதே 18தான். இதை வைத்து மருத்துவர்களின் நேர்மையைச் சந்தேகிப்பது தவறு. அடைப்பின் ஓரத்தில் தெரியும் கறை வெறும் கறையா, அடியில் மறுபடி தொடங்கிய சொத்தையா என்று சொல்வது உண்மையிலேயே கடினம். லண்டனில் பல் மருத்துவ ஆய்வாளர் எட்வினா கிட் குழுவினர் அமால்கம் அடைப்புகளின் ஓரங்களிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தபோது, 0.4 மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளிகளில் பாக்டீரியா குறிப்பிடும்படியாகக் கூடவில்லை. அதைவிட அகன்றவற்றில்தான் கூடியிருந்தது. ஓரத்தில் சின்ன இடைவெளி தெரிவதை மட்டும் நம்பி அடைப்பைத் தோண்டி எடுப்பது அவசரம் என்பதற்கு இது வலுவான காரணம்.

ஓரத்தை மட்டும் சரிசெய்வது என்றால் சந்து கண்ட இடத்தில் எதையோ அப்பிவிடுவது என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல மருத்துவர் செய்யும்போது அது நிதானமான வேலை. எச்சில் படாமல் இருக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டுவார்கள். பழுதான பகுதியை மட்டும் நீக்கி, மிஞ்சிய பழைய அடைப்பின் மேற்பரப்பை டிரில்லாலோ, காற்றழுத்தத்தில் பீய்ச்சும் அலுமினா துகளாலோ சொரசொரப்பாக்குவார்கள். எனாமல் ஓரத்தில் பாஸ்பாரிக் அமில ஜெல்லைச் சில நொடிகள் தடவிக் கழுவி உலர்த்தினால், அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். அதன் மேல் ஒட்டுதிரவம், பிறகு காம்போசிட், நீல ஒளி பாய்ச்சி இறுக்குதல். பல நேரம் மரத்துப்போக ஊசிகூடத் தேவைப்படாது. இந்த ஒட்டும் வித்தைக்கு வழி திறந்தவர் மைக்கேல் புவனகோர். எனாமலை அமிலத்தால் பதப்படுத்தினால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று 1955இல் காட்டினார். அதற்கு முன்பு அடைப்பு கழன்று விழாமல் நிற்கக் குழியைக் குறிப்பிட்ட வடிவத்தில் அகலமாக வெட்ட வேண்டியிருந்தது. சொத்தை வராமல் தடுக்க நல்ல பல்லுக்குள்ளும் குழியை நீட்டு என்ற பல் மருத்துவர் ஜி.வி. பிளாக்கின் பாடம் பல தலைமுறைகளைப் பயிற்றுவித்தது. அன்றிருந்த பொருள்களுக்கு அது பொருத்தமான பாடம்தான். பொருள் மாறிய பின்னும் கைப்பழக்கம் சட்டென்று மாறிவிடவில்லை.

அமெரிக்காவின் பல் மருத்துவ ஆய்வாளர் வலேரியா கோர்டன் குழுவினர், பல் மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பதைப் பதிவுசெய்து 2012இல் வெளியிட்டார்கள். பழுதான அடைப்புகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு முழுதாக மாற்றப்பட்டன, மீதிதான் சரிசெய்யப்பட்டன. பிறகு ஓராண்டு தொடர்ந்து பார்த்ததில் கிடைத்த முடிவு, ஒட்டுப்போடுவதை எதிர்ப்பவர்களுக்கு முதலில் மகிழ்ச்சி தரும்: சரிசெய்த பற்களில் 7 சதவீதத்துக்கும், முழுதாக மாற்றியவற்றில் 5 சதவீதத்துக்கும் மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டது. ஆனால் அந்தச் சிகிச்சை என்ன என்று பார்த்தால் படம் மாறுகிறது. ரூட் கேனால், பல்லைப் பிடுங்குதல் போன்ற கடுமையான சிகிச்சைகளில் போய் முடிவது, சரிசெய்த பற்களில் குறைவாக இருந்தது. சரிசெய்தது தோற்றால் பெரும்பாலும் அடைப்பு மட்டுமே தோற்கிறது. மாற்றிவைத்தது தோற்கும்போது பல்லும் சேர்ந்து ஆபத்துக்கு உள்ளாகிறது. என் பார்வையில், இந்த 2 சதவீத வித்தியாசத்துக்காகப் பல்லைப் பணயம் வைப்பது நல்ல பேரம் அல்ல.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஆதாரத்தின் தரம் பற்றியது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வாளர்கள் 2014இல் தேடியபோது, இரண்டு வழிகளையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட தகுதியான சோதனை ஒன்றுகூட அகப்படவில்லை. இது உண்மையான குறை. ஆனால் அந்தக் குறை முழுதாக மாற்றுவதற்கும் சேர்த்துத்தான். அதை மட்டும் நிரூபிக்கப்பட்ட வழியாகக் கொள்வதற்கு ஆதாரம் எங்கே? சிலியில் சரிசெய்த அடைப்புகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், அளவில் சிறியவை என்றாலும், நம்பிக்கை தருகின்றன. உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பும் 2019இல், இயன்ற இடங்களில் சரிசெய்வதையே பரிந்துரைத்தது. சொத்தையை உள்ளே வைத்து மூடிவிடுவோமோ என்ற அச்சத்துக்கும் இடம் உண்டு. அடைப்பு ஆடினாலோ, பெரும்பகுதி உடைந்திருந்தாலோ, அடியில் சொத்தை பரவியிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தாலோ முழுதாக எடுப்பதுதான் சரி. சரிசெய்யும்போது திறந்து பார்க்கையில் சொத்தை ஆழமாகப் போவது தெரிந்தால், அங்கேயே முடிவை மாற்றிக்கொள்ளவும் முடியும். முதலில் சரிசெய்து பிறகு மாற்றலாம். மாற்றிய பிறகு, செதுக்கிய பல்லைத் திரும்ப வைக்க முடியாது.

அமால்கமில் பாதரசம் இருக்கிறது என்ற பயத்தால், நல்ல நிலையிலுள்ளதையும் எடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து புதிதாக அமால்கம் வைப்பதைத் தடைசெய்திருப்பது உண்மை. அதைக் கேட்டு வாயில் இருப்பதையும் பெயர்த்து எடுக்க ஓட வேண்டியதில்லை. கெடாத அமால்கமை மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எப்.டி.ஏ. 2020இல் சொன்னது. ஏனென்றால், எடுக்கும்போதுதான் பாதரச ஆவி தற்காலிகமாகக் கூடுகிறது.

கோர்டன் குழுவின் பதிவுகளில் இன்னொரு செய்தியும் இருந்தது: முதலில் அடைத்த மருத்துவரே பார்க்கும்போது சரிசெய்ய முடிவெடுப்பது அதிகம். அடியில் என்ன வைத்தோம், குழி எவ்வளவு ஆழம் என்பது அவருக்குத் தெரியும், புதியவருக்குத் தெரியாது. ஊர் மாறும்போதோ மருத்துவரை மாற்றும்போதோ பழைய எக்ஸ்ரேவையும், எந்தப் பல்லில் எந்த ஆண்டு எதைக் கொண்டு அடைத்தார்கள் என்ற குறிப்பையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. புதிய மருத்துவர் அடைப்பை மாற்றச் சொன்னால், அந்தப் படத்தை அவர் முன் வைத்து, பழுது எந்தப் பக்கம் இருக்கிறது, முழுதாக எடுத்தால் நல்ல பல் எவ்வளவு போகும் என்று காட்டச் சொல்லலாம்.