இனிப்புநீர் உள்ளவர் கால்களைக் காப்பது எப்படி?



காலில் முள் குத்தினால் உடனே உட்கார்ந்து பிடுங்கி எறிகிறோம். அப்படிச் செய்ய வைப்பது வலி. இனிப்புநீர் உள்ளவர் பலருக்கு அந்த வலியே தெரிவதில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் கால் நரம்புகள் கெடுகின்றன. முதலில் எரிச்சல், மதமதப்பு. பிறகு உணர்வே குன்றிவிடும். இரத்தக் குழாய்களும் குறுகுவதால் புண் எளிதில் ஆறாது. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 15.6 பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, இந்நோய் உண்டு.

செம்பனைக் காட்டில் வேலை செய்யும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பூட்ஸுக்குள் சிறு கல் கிடக்கிறது. மாலை வரை நடக்கிறார், ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் காலுறையில் சீழைக் கண்ட பிறகே புண் இருப்பது தெரிகிறது. “வலிக்கவில்லையே” என்று மேலும் ஒரு வாரம் போக்குகிறார். அந்த ஒரு வாரம் விரலையோ காலையோ இழக்கச் செய்துவிடலாம்.

ஆகவே, வலி சொல்லாததை நாம் கண்ணால் பார்த்து அறிய வேண்டும். வேலை முடிந்து வந்ததும் கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடையுங்கள். வெந்நீரானால் சூட்டை முழங்கையால் சோதியுங்கள். காலை விட்டுப் பார்க்காதீர்கள். பிறகு வெளிச்சத்தில் பாதம் முழுவதையும் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். கண் மங்கிய தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியைப் பிளேடால் அறுக்காதீர்கள். பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே பார்த்த பின்பே போடுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். கோயிலுக்குப் போனாலும் வெயிலில் கொதிக்கும் தரையில் வெறுங்காலுடன் நிற்காதீர்கள். புகை பிடிப்பது இரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கும், விட்டுவிடுங்கள்.

புண், கொப்புளம், வீக்கம், நிறமாற்றம் எதைக் கண்டாலும் மஞ்சளோ புகையிலையோ வைத்துக் கட்டாமல் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். வலியில்லை என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் கால்களைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

காடு மேடெல்லாம் நடந்து நம் குடும்பத்தைக் காப்பாற்றிய கால்கள் இவை. இன்றிரவு படுக்கப் போகுமுன், நம் வீட்டில் இனிப்புநீர் உள்ளவரின் பாதங்களை ஒரு முறை பார்ப்போம்.