விஷுவல் நாவலும் நம் தங்கவயலும்

கே.ஜி.எஃப். என்று சொன்னால் இன்றைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் உடனே, "யஷ் நடிச்ச படமா அங்கிள்?" என்று கேட்கிறார்கள். 2018-இலும் 2022-இலும் இரண்டு பாகங்களாக வந்த அந்தக் கன்னடப் படத்தை நானும் தியேட்டரில் பார்த்தவன்தான். அதில் வரும் நராச்சி ஒரு கற்பனை ஊர். கதை சொல்பவருக்கு அந்த உரிமை உண்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் பிறந்து, ஷிஃப்ட்டுச் சங்கைக் கேட்டு மணி பார்த்து வளர்ந்த எனக்கு, நம் ஊரின் கதையை நாம் எப்போது சொல்லப் போகிறோம் என்ற கேள்வி மட்டும் வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை.

(மைசூர் மைன்ஸ் என்றதும் மைசூரில் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. தங்கவயலின் சுரங்கங்களில் ஒன்றின் பெயர் அது, மாரிக்குப்பம் ரயில் நிலையத்துக்குப் பக்கம்.)

இந்தக் கேள்விக்கு எதிர்பாராத ஒரு பக்கத்திலிருந்து பதில் வந்தது. என் தம்பி மகள் தினமும் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறாள். போகவர நான்கு மணி நேரத்துக்கும் மேல் ரயிலில்தான். அந்த நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ செய்கிறாளே, ஆபீஸ் வேலை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன். "வேலை இல்ல பெரியப்பா, கதை படிக்கிறேன். விஷுவல் நாவல்" என்றாள்.

விஷுவல் நாவல் என்பது என்ன? கணினித் திரையில் பின்னணியாக ஒரு படம் இருக்கும்: பள்ளிக்கூட வராந்தாவோ, விண்கலத்தின் அறையோ. அதன்மேல் கதாபாத்திரத்தின் உருவம் நிற்கும். கீழே ஒரு கட்டத்தில் அவர் பேசுவது எழுத்தாக ஓடும். பொத்தானை அழுத்தினால் அடுத்த வரி. நடுநடுவே கதை நின்று, "நீ என்ன செய்வாய்?" என்று கேட்கும். இரண்டு மூன்று வழிகள் தரப்பட்டிருக்கும். நீங்கள் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்துக் கதை திரும்பும், முடிவும் மாறும். ஜப்பானில் பிறந்து வளர்ந்த வடிவம் இது. பெயர்தான் விளையாட்டு வகையில் வருகிறதே தவிர, முக்கால் பங்கு வாசிப்புத்தான்.

நம்மவருக்கு இது அவ்வளவு புதிதும் அல்ல. எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடரை நினைத்துப் பாருங்கள். எதிர்காலக் கதை. நிலா என்ற பெண்ணின் கணவன் காணாமல் போகிறான், ஜீனோ என்ற இயந்திர நாய் துணைக்கு வருகிறது. விஞ்ஞானம், மர்மம், காதல் மூன்றும் கலந்த அந்தத் தொடரை வாராவாரம் படத்தோடு படித்தோம். அடுத்த வாரம் வரை என்ன ஆகுமோ என்று லைனில் பேசிக்கொண்டோம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே அவர் அதை எழுதினார் என்பதில் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. அவர் கற்பனை செய்த காலம் இப்போது கடந்தே போய்விட்டது. அந்தத் தொடரில் நம் கையில் இல்லாதது ஒன்றுதான்: நிலா எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று வாசகன் சொல்ல முடியாது.

தம்பி மகள் முதலில் எனக்குக் காட்டியது 'டிஜிட்டல்: எ லவ் ஸ்டோரி' என்ற படைப்பு. கனடா நாட்டின் கிறிஸ்டின் லவ் என்ற இளம்பெண் 2010-இல் தனியாளாக உருவாக்கி, காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுத்தது. பெரிய கம்பெனி கிடையாது, முதலீடு கிடையாது. இப்படித் தனிப்பட்டவர்கள் சொந்தமாகச் செய்வதைத்தான் 'இண்டி' என்கிறார்கள்.

கதை நடப்பது 1988-இல். திரை முழுக்க அந்தக் காலத்துக் கணினியின் முகப்பு. மோடம் வழியாக டெலிபோன் எண்ணைச் சுழற்றி, ஊர்க்காரர்கள் செய்தி ஒட்டிவைக்கும் ஒரு மின் பலகைக்குள் நுழைகிறீர்கள். அங்கே கவிதை எழுதும் எமிலியா என்பவளின் கடிதம் கிடைக்கிறது. பதில் போடுகிறீர்கள், அவள் மறுபடி எழுதுகிறாள், மெல்ல நெருங்குகிறீர்கள். திடீரென்று அந்தப் பலகையே செயலிழந்து போகிறது. எமிலியாவையும் காணவில்லை. அவள் யார், எங்கே போனாள் என்று தேடிப் போகும்போதுதான் அவள் மனுஷியே அல்ல, சிந்திக்கத் தெரிந்த ஒரு கணினி நிரல் என்று தெரிகிறது. முடிவைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தம்பி மகள் என்னோடு பேசமாட்டாள்.

என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் வேறு. இந்தக் கதையில் நீங்கள் எழுதும் பதில் திரையில் வருவதே இல்லை. 'பதில் அனுப்பு' என்ற பொத்தானை அழுத்துகிறீர்கள், அவ்வளவுதான். அதில் என்ன எழுதியிருந்தீர்கள் என்பதை அவளுடைய அடுத்த கடிதத்திலிருந்து நீங்களே ஊகிக்க வேண்டும். முதலில் "என்னடா இது, அரைகுறையா இருக்கே" என்றுதான் தோன்றியது. அரை மணி நேரத்தில் புரிந்துபோயிற்று. காட்டாமல் விட்ட அந்தப் பாதியை நாமே நிரப்புவதால்தான் அந்தக் காதல் நம்முடையதாகிவிடுகிறது. ஒரு பெண்ணின் முகம்கூட வரையாமல், வெறும் எழுத்தையும் டயல் சத்தத்தையும் வைத்து அவர் இதைச் சாதித்திருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு நம் ஊர் நினைவுக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, அது விட்டுப்போன தடத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடித்த ஊர் அல்லவா இது!

தங்கத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் நம் அப்பாக்களும் தாத்தாக்களும் தோண்டிய அதே குழிக்குள் உலக விஞ்ஞானிகள் நாற்பது ஆண்டு வேலை செய்தார்கள் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பூமிமேல் விழுகின்றன. அவற்றால் உண்டாகும் மியூவான் என்ற துகள்கள் நம் உடம்பையும் துளைத்துக்கொண்டு போகின்றன. நிலத்துக்குள் போகப் போகப் பாறை அவற்றைத் தடுத்துவிடும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1950-களின் தொடக்கத்திலேயே இங்கே வந்து, எந்த ஆழத்தில் எவ்வளவு மியூவான் மிஞ்சுகிறது என்று அளக்கத் தொடங்கினார்கள். மிக ஆழத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. அப்படியொரு அமைதியான இடம்தான் நியூட்ரினோவைப் பிடிக்க வேண்டும். நியூட்ரினோ எதிலும் மோதாமல் பூமியையே ஊடுருவிப் போய்விடும். எப்போதாவது ஒன்று மட்டும் பாறையில் மோதி ஒரு மியூவானைக் கிளப்பும். மேலிருந்து வரும் மியூவானைப் பாறை தடுத்துவிட்ட ஆழத்தில், பக்கவாட்டாக ஒரு தடம் தெரிந்தால் அது நியூட்ரினோவின் வேலையாகத்தான் இருக்கும்.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாஃப்ட்டில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகளைச் சுவர்போல எதிரெதிரே நிறுத்தினார்கள். நடுவில் நியான் குழாய்கள். துகள் கடந்தால் குழாய் மின்னும், கேமரா படம் எடுக்கும். டாடா நிறுவனத்தின் மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோருடன் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்து மியாகே, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்து உல்ஃபண்டேல் ஆகியோரும் சேர்ந்தார்கள். வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவைக் கண்ட செய்தி 1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ஆய்விதழில் வெளியாயிற்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்த ரெயின்ஸ் குழுவின் கட்டுரை அதற்குப் பதினைந்து நாள் கழித்து வந்தது. தடத்தை முதலில் பதிவு செய்தவர்கள் அவர்கள், அச்சில் முந்தியவர்கள் நம் ஊரார். இரண்டும் தங்கச் சுரங்கங்கள். இதைவிட நல்ல சஸ்பென்ஸ் எந்தக் கதையில் வரும்?

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்கு மிகப் பிடித்தது. 1975-இல் இதே குழுவினர் சில விசித்திரமான பதிவுகளை வெளியிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள், பாறையிலிருந்து வராமல், கருவிகளுக்கு நடுவிலுள்ள காற்றுவெளியிலோ மெல்லிய கருவிப் பொருளிலோ புறப்பட்டாற்போலத் தெரிந்தன. அதுவரை அறியாத ஏதோ ஒரு துகள் அங்கே வந்து சிதைந்ததா? 'கோலார் நிகழ்வுகள்' என்றே இவற்றுக்குப் பெயராகிவிட்டது. வேறெந்த ஆய்வுக்கூடமும் இதை உறுதி செய்யவில்லை. நம் தமிழ் இயற்பியலாளர் ஜி. ராஜசேகரனும் எம்.வி.என். மூர்த்தியும் 2014-இல் இதை மறுபடி எடுத்து, கரும்பொருள் என்கிறார்களே, அதன் துகளாக இருக்குமோ என்று எழுதினார்கள். விடை இன்னும் வரவில்லை. 1980-இல் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 140 டன் இரும்பை அதே ஆழத்தில் அடுக்கினார்கள். 1992-ஓடு எல்லாம் முடிந்தது. இப்போது கீழே தண்ணீர்தான்.

இதையெல்லாம் சொன்னதும் தம்பி மகள் லேப்டாப்பை மூடிவிட்டாள். "பெரியப்பா, இது நம்ம ஊர்லயா? ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. லைனில் யாரும் இதைக் கதையாகச் சொன்னதில்லை. சுரங்கத்தைப் பற்றி வீட்டில் பேசினால் அது பாறை வெடித்த கதையாக இருக்கும், இல்லையென்றால் நெஞ்சில் தூசி படிந்து இருமிய கதையாக இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து அவளே ஆரம்பித்துவிட்டாள். 'ரென்பை' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2004-இல் டாம் ராத்தமல் என்பவர் வெளியிட்டது. பைத்தான் என்ற கணினி மொழியின்மேல் கட்டியது. காதலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லையும் பைத்தானையும் ஒட்டி வைத்த பெயராம். இதில் கதை எழுதுவது நாடகம் எழுதுவது போலத்தான்: பேசுகிறவர் பெயர், பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் வசனம். வழி பிரியும் இடத்தில் ஒரு பட்டியல். பின்னணிக்கு நாமே எடுத்த போட்டோ போதும். சயனைடு மேட்டையும் துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரத்தையும் எடுக்க எத்தனை செலவு? பழைய பதிப்புகளில் தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்குமாம். பின்வந்த பதிப்புகளில் இந்திய எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதி வந்துவிட்டது.

கதை இதுதான். இன்றைய பெண் ஒருத்திக்குத் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய ஃபிலிம் சுருள் கிடைக்கிறது. 1975-இல் நியான் குழாய்கள் மின்னிய புள்ளிகள். அந்தப் புள்ளிகள் எழுத்துகள். யாரோ கீழேயிருந்து எழுதுகிறார்கள், அதுவும் அவளுக்கு. அவள் என்ன பதில் எழுதினாள் என்பது திரையில் வராது. (கிறிஸ்டின் லவ்விடம் கடன் வாங்கியதுதான். நல்ல கடன்.)

அதில் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்தது. வசனத்தைச் செந்தமிழில் எழுத வேண்டும், வெளிநாட்டுப் பிள்ளைகள் படித்துக் கற்கட்டும் என்றேன் நான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "தாத்தா கேஜ்ல எறங்கும்போது இலக்கணமா பேசினாரா? தெலுங்கும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்துதானே பேசினாரு?" என்று கேட்டாள். கடைசியில், கதை சொல்லும் குரல் எழுத்துத் தமிழில், பேசுகிறவர்கள் தங்கவயல் தமிழில் என்று முடிவாயிற்று. அதற்கு இன்னொரு லாபமும் தெரிந்தது. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. இந்த வடிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் குரலையும் பதித்து வைக்கலாம். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒரே வரி. அடுத்த வரிக்கு அவசரப்படுத்த யாரும் இல்லை, பொத்தான் பிள்ளையின் கையில்தான். என் பெண்ணின் மகன், ஒன்பது வயது, துபாயில் இருக்கிறான். முதல் காட்சியை அவனுக்கு அனுப்பினோம். 'சுரங்கம்' என்ற சொல்லை அவன் மூன்று தடவை கேட்டுவிட்டு நான்காம் தடவை தானே படித்தான் என்று என் பெண் போனில் சொன்னாள்.

வேலை இப்போது நிற்குமிடம் இரண்டாவது காட்சி. ஆய்வுக்கூடத்துக்குக் கருவிகளைச் சுமந்து இறக்கிய தொழிலாளிகள் அந்த இடத்தை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், அந்த விஞ்ஞானிகளைப் பற்றித் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் அது இருக்காது. என் அப்பா மைசூர் மைன்ஸ் ஷாஃப்ட்டில் வேலை பார்த்தவர், ஹீத்கோட் பக்கம் போனதில்லை, இன்று கேட்கவும் அவர் இல்லை. இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் சாம்பியன் ரீஃபில் வேலை செய்த பெரியவர்கள் இருந்தால், சங்கக் கூட்டத்துக்கு வரும்போது என்னைப் பிடித்து அந்தச் சொற்களைச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தோடு முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.