கல்லுப் பாதையில் சைக்கிள் ஓட்டுவது எப்படி?



போன மாசம் கலுங்குச் சரிவில் நான் சைக்கிளோடு விழுந்தது எல்லாருக்கும் தெரியும். முழங்காலில் தழும்பு இன்னும் போகவில்லை. சிரித்தவர்கள் சிரிச்சுக்கோங்க. நான் ஏன் விழுந்தேன் என்று அறிவியல் ஆசிரியரிடமும் பஞ்சர் கடை மாமாவிடமும் கேட்டேன். அவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

கல்லு மேலே சைக்கிள் விடுவது வெளிநாட்டில் பெரிய விளையாட்டு. 1976-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலைப்பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். இறங்கி முடிப்பதற்குள் பிரேக் சூடாகி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடுமாம். ஒவ்வொரு தடவையும் புதுசா கிரீஸ் அடைக்கணும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பேர் வந்தது. மறுபடி அடைப்பது என்று அர்த்தம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிளும் ஒரு போட்டி ஆகிவிட்டது.

அங்கே மாமத் மலை என்று ஒன்று உண்டு. உயரம் சுமார் 3,370 மீட்டர். குளிர்காலத்தில் அதில் பனிச்சறுக்கு விளையாடுவார்கள். கோடையில் பனி உருகி வெறும் கல்லும் பாறையும் தெரியும். அப்போது, நம்ம பழனியில் ரோப் கார் இருக்கிற மாதிரி, கம்பியில் தொங்கிப் போகும் வண்டியில் சைக்கிளை ஏற்றி உச்சிக்குப் போய், கல்லுப் பாதையில் ஓட்டிக்கொண்டே இறங்குவார்கள். தலைக்குக் கவசம், முழங்காலுக்கு உறை எல்லாம் போட்டிருப்பார்கள். நமக்கு ரோப் கார் கிடையாது. கண்மாய்க் கரையில் உருட்டிக்கிட்டுத்தான் ஏறணும். ஆனால் எந்த ஊரிலும் கல்லு கல்லுதானே!

இனி முக்கியமான விஷயங்கள்:

1. இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நான் செய்த தப்பு இதுதான். முன் சக்கரம் நின்றுவிடும். நம்ம உடம்பு நிற்காது, முன்னாடியே போகும். நிலைமம் என்று படித்தோமே, அதேதான். பின் பிரேக்கை முதலில் மெதுவாகப் பிடித்து, அப்புறம் முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கணும். உடம்பைப் பின்னால் தள்ளி வைக்கணும்.

2. கல்லு நிறைந்த இடத்தில் சீட்டில் அழுத்தி உட்காராதீர்கள். ரெண்டு பெடலையும் சமமாக வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, சீட்டை விட்டு எழும்பி நில்லுங்கள். அப்போ நம்ம காலே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். அதிர்ச்சி இடுப்புக்கு வராது.

3. கல்லையே பார்த்தால் கல்லு மேலேதான் போய் ஏறுவோம். பத்தடி தள்ளிப் போக வேண்டிய பாதையைப் பாருங்கள். சரளையில் திருப்பும்போது பிரேக் பிடிக்காதீர்கள், வழுக்கும்.

4. டயரில் காற்று கல்லு மாதிரி இருந்தால் சைக்கிள் துள்ளும். கொஞ்சம் குறைந்தால் டயர் பரவி நல்லாப் பிடிக்கும். ரொம்பக் குறைந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். கடை மாமா ஓட்டையைப் பார்த்தே “இது முள்ளு இல்லத்தா, கல்லு” என்று சொல்லிவிடுவார்.

5. மழை பெய்தால் கரிசல் மண் மட்காடுக்குள் அப்பிச் சக்கரத்தையே சுற்ற விடாது. ஒரு குச்சி வைத்துக்கொள்ளுங்கள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள், செயினில் மாட்டும்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? எங்க தெரு அக்கா ஒருத்தர் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். ஆனால் மேல்நிலைப் பள்ளிக்கு ரோட்டு வழி தூரம். பஸ் நேரத்துக்கு வராது. கண்மாய்க் கரை வழியாகப் போனால் கிட்டத்தான், ஆனால் முழுக்கக் கல்லு, ரெண்டு பக்கமும் கருவேல முள்ளு. அக்காவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு இலவச சைக்கிள் தருகிறது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தால்தானே கிடைக்கும்? சேர்வதற்கே தைரியம் வேணும். இன்னும் ரெண்டு வருஷத்தில் நானும் அந்தப் பாதையில்தான் போகணும்.

நான் விழுந்த அன்று அப்பத்தா, “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத்தா சைக்கிளு?” என்றார். நான் புதுக்கோட்டைக் கதையைச் சொன்னேன். அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் பழகச் சொன்னார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500 பெண்களுக்கு மேல் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காததால் ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். நடுவில் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், அதுவும் வசதி என்றார்களாம். அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “முட்டிக்கு மஞ்சப் பத்து போட்டுக்கோ” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

விழுந்தால் வெட்கம் இல்லை. மாமத் மலையில் இறங்குகிறவர்களும் விழுந்துதான் பழகியிருப்பார்கள். ஓட்டத் தெரியாத தங்கைகள் சனிக்கிழமை காலையில் பள்ளி மைதானத்துக்கு வாருங்கள். என் சைக்கிளைக் கொண்டு வருகிறேன். நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்கிறேன். முதலில் மைதானம், அப்புறம் சரளை, கடைசியில் கலுங்குச் சரிவு.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி