ஒளி தேடி – 9: கல்வராயனில் மேகம் இறங்கும் நேரம்

கேமரா வாங்கிய பலரும் முதலில் பழகிக்கொள்வது, தூறல் விழுந்ததும் அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடுவதைத்தான். கருவியின் விலை அப்படி. குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அப்படிப் படம் எடுப்பவருக்குப் பாதி மாவட்டம் விடுபட்டுப் போகும். மலையில் விளையும் சாமை, சமவெளியின் மானாவாரி மக்காச்சோளம், ஓடைகள், கோமுகி ஆறு எல்லாமே மழையை நம்பி நிற்பவை. கோடை வெயிலில் போய் எடுத்தால் இவற்றில் எதுவும் உயிரோடு அகப்படாது. சென்ற வாரம் உச்சி வெயிலைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் மழை.

கள்ளக்குறிச்சி நகரத்திலிருந்து மேற்கே கச்சிராயபாளையம் போகும் சாலையில் நின்றால், தொடுவானம் முழுக்கக் கல்வராயன் மலை நீளமாகப் படுத்திருக்கும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். அடிவாரத்தில் கோமுகி அணை, அதைத் தாண்டினால் மலைப்பாதை, வழியில் பெரியார் அருவி, மேலே வெள்ளிமலை, கரியாலூர். சேலம் மாவட்டத்துப் பக்கமிருந்தும் ஏறலாம். ஆனால் படம் எடுப்பவருக்கு நான் சொல்வது கிழக்குப் பக்கம்தான். காரணம், மழை வரும் திசை.

இங்கே இரண்டு மழை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காலத்தில் பெய்வது பெரும்பாலும் மாலை நேரத்து இடிமழை. பகலெல்லாம் நிலம் காய்ந்து, மதியத்துக்குமேல் மலை உச்சியில் மேகம் கட்டி, மேற்குக் காற்றில் சமவெளியை நோக்கி நகர்ந்து வரும். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலிலிருந்து வருவது. அது பெரும்பாலும் இடித்து மிரட்டாது; நாள் கணக்கில் ஊற்றும், மலைச்சரிவில் மேகத்தைக் கொண்டுபோய்ச் சாய்த்து வைக்கும். இந்த இரண்டையும் ஒரே மாதிரி படம் எடுக்க முடியாது. படம் சரியாக வரவில்லை என்று சொல்பவர்களில் பலர், எந்த மழையில் நிற்கிறோம் என்று யோசிக்காமல் பட்டனை அழுத்தியவர்கள்.

முதலில் இடிமழை. ஆகஸ்ட் மாலையில் அணைப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால், சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். அதே திசையிலிருந்து மேகமும் வரும். படம் எடுப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? மழைத்துளிக்கென்று நிறம் கிடையாது. நம் முதுகுப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் துளிகள் படத்தில் காணாமல் போய்விடும். துளிக்குப் பின்னால் வெளிச்சமும், அந்தத் துளி விழும் இடத்துக்குப் பின்புலமாக இருட்டும் இருந்தால்தான் ஒவ்வொரு தாரையும் வெள்ளிக் கம்பியாகத் தெரியும். சினிமாக்காரர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'நாயகன்' படத்தின் மழைக் காட்சிகளை, எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்று கவனித்துக்கொண்டே இன்னொரு முறை பாருங்கள். அவர்கள் விளக்கு வைத்து உண்டாக்கியதைக் கல்வராயன் மலை மாலை ஐந்து மணிக்குத் தானாகவே செய்து கொடுக்கிறது. கரிய மலைச்சரிவு பின்புலம், மேகத்தின் கிழிசல் வழியே சாய்ந்து வரும் வெயில், நடுவே மழை.

ஷட்டர் வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய மழைத்துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழும். 1/30 நொடியில் அது 30 செ.மீ. பயணம் செய்துவிடும், படத்தில் நீண்ட கோடாகப் பதியும். 1/60-இல் 15 செ.மீ. 1/1000 வைத்தால் ஒரு செ.மீ.கூட நகராது, துளி துளியாக அந்தரத்தில் நிற்கும். எனக்குப் பிடித்தது 1/60 பக்கம்தான். ஆலங்கட்டி போல உறைந்து நிற்கும் துளிகளில் மழை பெய்யும் உணர்வு வருவதில்லை. ஆனால் ஆள் ஓடுகிறார், மாடு மிரள்கிறது என்றால் 1/250-க்குக் கீழே இறங்க முடியாது; அங்கே கோட்டின் நீளத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். வெளிச்சமும் கைகொடுக்காது. நல்ல வெயில் 1 லட்சம் லக்ஸ் வரை இருக்கும். கருமேகம் மூடினால் ஆயிரத்துச் சொச்சத்துக்கு விழுந்துவிடும். ஏறக்குறைய ஆறு ஸ்டாப் இழப்பு. ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று தயங்காமல் ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் மணல் தூவினாற்போல இருந்தால் பரவாயில்லை. கலங்கிப் போன படத்தை எந்த மென்பொருளும் தேற்றாது.

வடகிழக்குப் பருவத்தில் கதை வேறு. நவம்பரில் வெள்ளிமலைச் சாலையில் மேகம் தரையோடு வந்து உட்கார்ந்துவிடும். எதிரே வரும் பேருந்தின் விளக்கு மட்டும் முதலில் தெரியும், பிறகுதான் பேருந்து. இதில் கேமராவின் மீட்டரை நம்பினால் படம் அழுக்குச் சாம்பலாக வரும். எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாகத்தான் இருக்க வேண்டும் என்று மீட்டர் கணக்குப் போடுகிறது. வெள்ளை மேகத்தையும் அப்படியே இருட்டடித்துவிடும். ஒரு ஸ்டாப், தேவைப்பட்டால் ஒன்றரை ஸ்டாப் ஓவர் வையுங்கள். ஆட்டோ ஃபோகஸ் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் அலையும். மரத்தண்டு, பாறை விளிம்பு, சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஆடு ஓட்டிப் போகிறவர் என்று ஏதாவது கறுப்பான ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூடுபனிப் படத்துக்கு உயிர் கொடுப்பதே அந்த ஒரு கறுப்புதான். அது இல்லாவிட்டால் வெள்ளைத் தாள்.

நிறத்தை அடியோடு விட்டுவிடவும் இதுதான் நல்ல சந்தர்ப்பம். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தே பெயர் பெற்றவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கருவியைப் பொருத்தி வைத்திருந்தார். கருவி சரியில்லை, வானிலை சரியில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அவருடைய படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். நூலின் பெயரே 'மழைக்காலமும் குயிலோசையும்'.

கருவியைக் காப்பது பெரிய வித்தை இல்லை. தடித்த பிளாஸ்டிக் கவரில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, லென்ஸ் ஹூட்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு மாட்டினால் ஒரு மழை தாங்கும். உலர்ந்த பருத்தித் துணி இரண்டு. கூட வருபவர் கையில் குடை. ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டுப் படிந்துவிடும். பையோடு வெளியே வைத்துக் கால் மணி நேரம் பொறுங்கள். மழைக்குத் தப்பிய லென்ஸ் பிறகு வீட்டு அலமாரியில் கெட்டுப் போவதுதான் அதிகம். நனைந்த தோல் பையிலேயே வைத்து மூடினால் ஃபங்கஸ் பிடித்து, கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோலப் படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசி டப்பாவில் வேண்டாம். தவிட்டுத் தூள் உள்ளே போகும். செல்போனில் எடுப்பவர்களுக்கு ஒன்று: ஐபி68 என்று போட்டிருப்பது அசையாத நல்ல தண்ணீரில் செய்த சோதனை. நனைந்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள்.

உங்கள் உயிரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் மழை பார்க்கப் போகிறவர்கள், தாங்கள் நிற்கும் இடத்தில் மழை இல்லை என்பதை நம்பி இறங்குகிறார்கள். தண்ணீர் வருவது மேலே எங்கோ பெய்த மழையிலிருந்து. மலையில் ஒரு பெரியவர் எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தண்ணி கலங்குச்சுன்னா, சருகு மிதந்து வந்துச்சுன்னா, கேமராவ அங்கயே போட்டுட்டு மேல ஏறிடு தம்பி. அப்புறம் சத்தம் கேட்டுப் பிரயோசனம் இல்ல." மின்னல் வெட்டி இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் வெட்டவெளியை விட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். ஒற்றை மரத்தடி கூடாது. மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' செயலி இருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் பக்கத்துத் திருவண்ணாமலையில் மண்சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களுக்கே அந்தக் கதி. பல நாள் மழைக்குப் பிறகு சரிவுக்குக் கீழே டிரைபாடு போட்டு நிற்கக் கூடாது.

மழைப் படங்களில் உலகப் புகழ் பெற்ற ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். நியூசிலாந்துக்காரர் பிரையன் பிரேக் இந்தியப் பருவமழையைப் பற்றி எடுத்த படத்தொகுப்பு 1961-இல் 'லைஃப்' இதழில் வந்தது. முகத்தில் மழைத்துளிகள் வழிய, கண்மூடி வானத்தை நோக்கி முகம் நிமிர்த்தியிருக்கும் சிறுமியின் படம் அதில் இருக்கிறது. அந்தச் சிறுமி பின்னாளில் நடிகையாகவும் இயக்குநராகவும் ஆன அபர்ணா சென். படம் எடுத்தது கொல்கத்தாவில் ஒரு மொட்டை மாடியில். பூச்செடிக்கு ஊற்றும் வாளியால் தண்ணீர் தெளித்தார்கள். இன்னொருவர் ஸ்டீவ் மெக்கரி. 1983-இல் குஜராத்தின் போர்பந்தரில், வெள்ளத்தில் இறங்கி நின்றே, கழுத்தளவு தண்ணீரில் தையல் இயந்திரத்தைத் தோளில் சுமந்து வரும் முதியவரைப் படம் எடுத்தார். அது 'நேஷனல் ஜியாகிரஃபிக்' இதழில் வந்த பிறகு அந்தத் தையல்காரருக்குப் புதிய இயந்திரம் கிடைத்தது. முதல் படம் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் என் தேர்வு இரண்டாவது. அந்தத் தண்ணீர் உண்மையிலேயே ஒருவருடைய பிழைப்பின்மீது வந்தது.

கருணாபுரத்தை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள் இருக்கும் சின்னக் குடியிருப்பு. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அங்கேயும் சுற்றுப்புறங்களிலும் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தபோது, அந்தத் தெருக்கள் கேமராக்களால் நிறைந்தன. பந்தல்கள், வரிசையாக வைத்த உடல்கள், கதறும் பெண்கள். அந்தப் படங்கள் தேவைப்பட்டன; அவை இல்லாமல் நாடு திரும்பிப் பார்த்திருக்காது. ஆனால் ஓர் ஊருக்கு அந்த நான்கு நாள் முகம் மட்டுமே மிஞ்சுவது அநியாயம். அந்தச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், கல்வி என்று அடிப்படை வசதிகளைப் பற்றிக் கேள்விகள் எழுந்தன. மலையில் சாலை இருக்கிறதா இல்லையா என்பதைக் கோடையில் எடுத்த படம் சொல்லாது. வெயிலில் மண்பாதையும் பாதையாகத்தான் தெரியும். நவம்பரில் அதே இடத்தில் நின்று எடுத்தால், சேறு முழங்கால்வரை ஏறிய பள்ளிப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

மோசமான வானிலையில் படம் எடுக்கச் சொல்வதற்கு எனக்கு இதுதான் முதல் காரணம். அழகெல்லாம் பிறகு. ஃபெஞ்சல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அந்த ஆறு இந்த மாவட்டத்தின் மூங்கில்துறைப்பட்டையும் திருக்கோவிலூரையும் தொட்டுக்கொண்டு போகிறது. வெள்ளம் எந்தச் சுவர்வரை ஏறியது என்பதற்குப் படம் இருந்தால், அடுத்த முறை எங்கே வீடு கட்டக் கூடாது என்று சொல்லலாம். விவசாயிக்கும் இது உதவும். அறுத்து வயலிலேயே காயப் போட்ட பயிர் புயல் மழையில் கெட்டால், பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வயலைக் குளோசப்பில் மட்டும் எடுக்காமல், பம்ப்செட் அறையோ மின்கம்பமோ சேர்ந்து வரும்படி ஒன்று, தண்ணீரின் ஆழம் தெரிய ஒரு கோலையோ ஆளையோ நிறுத்தி ஒன்று என்று எடுங்கள். செல்போனில் இருப்பிடம் பதியும் வசதியை முன்பே போட்டு வைத்திருங்கள்.

ஒரு வேண்டுகோள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர், கூரை பறிகொடுத்தவர், அழுதுகொண்டிருப்பவர் எவரையும் கேட்காமல் எடுக்காதீர்கள். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, முதலில் அந்த அண்ணனோடு சேர்ந்து இரண்டு குடம் தண்ணீரை வெளியே இறையுங்கள். பிறகு கேளுங்கள். வேண்டாம் என்றால் வந்துவிடுங்கள். சரி என்றால் எடுங்கள். தேதியும் இடமும் குறித்து வையுங்கள். மழை ஓய்ந்ததும் ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள்.

(தொடரும்)