ஷீட் ஒழுகுது, ஸ்க்ரூ தலை உடையுது... இம்பாக்ட் டிரைவரை சரியா பயன்படுத்துவது எப்படி?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி மொட்டை மாடியில் ஷீட் போடும் வேலை தமிழ்நாட்டின் பல ஊர்களில் மும்முரமாக நடக்கும். பைப்பை வெல்டிங் வைத்து சட்டம் நிறுத்துவார்கள். மேலே கலர் ஷீட்டை அடுக்குவார்கள். அப்புறம் ‘டர்ர்ர்... டக டக டக’ என்று தெரு முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தத்துக்குச் சொந்தமான கருவிதான் கார்ட்லெஸ் இம்பாக்ட் டிரைவர்.

ஒரு காலத்தில் பெரிய கான்ட்ராக்டர்களிடம் மட்டும் இருந்த இந்தக் கருவி, இப்போது ஆன்லைனில் ஆர்டர் போட்டு வீட்டுக்கே வருகிறது. சின்னதாக, லேசாக இருப்பதால் யார் வேண்டுமானாலும் கையில் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் புது ஷீட் முதல் மழையிலேயே ஒழுகுவதற்கும், அலமாரிக் கதவின் ஸ்க்ரூ பிடிப்பில்லாமல் சுற்றுவதற்கும் இதே கருவி காரணமாகிவிடலாம். எங்கே தப்பு நடக்கிறது?

டிரில் மெஷினும் இதுவும் ஒன்றா?

பார்க்க இரண்டும் துப்பாக்கி மாதிரிதான் இருக்கும். டிரில்லின் மூக்கில் மூன்று தாடை கொண்ட சக் இருக்கும். இம்பாக்ட் டிரைவரின் மூக்கு குட்டையானது. அதில் கால் அங்குல அறுகோணத் துளை மட்டும்தான். காலரை இழுத்து பிட்டைச் செருகினால் போதும்.

உள்ளே நடப்பது வேறு கதை. ஸ்க்ரூ சுலபமாக இறங்கும் வரை மோட்டார் சாதாரணமாகச் சுற்றும். எதிர்ப்பு கூடியதும், உள்ளே இருக்கும் சுத்தியல் போன்ற இரும்புத் துண்டு ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்வாங்கும். பிறகு தாண்டி வந்து, பிட்டைப் பிடித்திருக்கும் பாகத்தின் காதில் ஓங்கி மோதும். நிமிடத்துக்கு 3,000 அடிக்கு மேல் விழும். ‘டக டக’ சத்தம் அதுதான்.

இந்த அடி சுற்றும் திசையில் விழுகிறது, முன்னோக்கி அல்ல. அதனால்தான் டிரில் மெஷின் திடீரென்று சிக்கினால் மணிக்கட்டை முறுக்கிவிடுவது போல இது முறுக்காது. 18 வோல்ட் கருவிகளில் பொதுவாக 150 முதல் 180 நியூட்டன் மீட்டர் வரை டார்க் கிடைக்கும். அதே 18 வோல்ட்டில் வரும் சாதாரண டிரில் டிரைவர் பலவற்றில் இது 50, 60 தான்.

பெயரால் வரும் குழப்பமும் உண்டு. ஹார்டுவேர் கடைகளில் இப்படி ஒரு பேச்சு சகஜம்.

“அண்ணே, இம்பாக்ட்னு போட்டிருக்கே, இதுல கான்கிரீட் சுவத்துல ஓட்டை போடலாமா?”

“அது இம்பாக்ட் டிரில், வேற மெஷின் தம்பி. இது ஸ்க்ரூ ஏத்துறதுக்கு மட்டும்.”

கடைக்காரர் சொல்வதுதான் சரி. கான்கிரீட்டை உடைக்க முன்னோக்கிய அடி வேண்டும். அது இதில் கிடையாது. கார் சக்கர நட்டைக் கழற்ற அரை அங்குல சதுர முனை கொண்ட இம்பாக்ட் ரென்ச் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றவே பயன்படுத்த வேண்டும். திரும்ப மாட்டும்போது கடைசி இறுக்கம் டார்க் ரென்ச்சில்தான்.

விரல்தான் கிளட்ச்

டிரில் டிரைவரின் கழுத்தில் 1, 2, 3 என்று எண் போட்ட வளையம் இருக்கும். வைத்த அளவுக்கு இறுகியதும் ‘கட கட’ என்று விட்டுவிடும். பெரும்பாலான இம்பாக்ட் டிரைவரில் அந்த வளையம் கிடையாது. எப்போது நிறுத்த வேண்டும் என்று கருவிக்குத் தெரியாது. டிரிக்கரை அமுக்கியிருக்கும் வரை அடித்துக்கொண்டே இருக்கும். ஸ்க்ரூ உடைவதும், மரம் பிளப்பதும், வாஷர் நசுங்குவதும் இந்த ஒரே காரணத்தால்தான். விலை கூடின சில மாடல்களில் வேகத்தைக் குறைக்கும் பட்டனும், செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவுக்கென்று தனி மோடும் வருகின்றன. அவை உதவும், ஆனால் விரலின் வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளாது.

பழகும் வழி எளிது. வேண்டாத கட்டையில் பத்து ஸ்க்ரூ ஏற்றிப் பாருங்கள். ஆரம்பத்தில் டிரிக்கரை லேசாகத் தொட்டு, ஸ்க்ரூ நேராகப் பிடித்த பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். தலை மரத்தை நெருங்கும்போது முழுசாக விட்டுவிட்டு, ‘டக்... டக்...’ என்று ஒவ்வொரு தட்டாகக் கொடுக்க வேண்டும். கண்ணை விடக் காது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்: சத்தம் கனமாக மாறினால் ஸ்க்ரூ உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஷீட் ஏன் ஒழுகுகிறது?

கூரை ஷீட்டுக்குப் போடும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவின் முனையே டிரில் பிட் மாதிரி இருக்கும். தலைக்குக் கீழே இரும்பு வாஷரும், அதோடு ஒட்டிய கறுப்பு ரப்பர் வாஷரும் இருக்கும். மழைநீரைத் தடுப்பது அந்த ரப்பர் மட்டும்தான்.

ரப்பர் சற்றே அமுங்கி, இரும்பு வாஷரின் விளிம்பில் லேசாக எட்டிப் பார்த்தால் இறுக்கம் சரி. ரப்பர் பிதுங்கி வெளியே வந்தாலோ, வாஷர் குழிந்து ஷீட்டில் பள்ளம் விழுந்தாலோ முடிந்தது கதை. அப்போதைக்கு ஒழுகாது. நசுங்கிய ரப்பர் வெயிலில் வெடித்து, பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, ஒன்றிரண்டு மழைக்காலம் போன பிறகு சொட்ட ஆரம்பிக்கும். ஷீட் போட்டவர் அதற்குள் நாலு ஊர் தாண்டியிருப்பார். வாஷர் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்வாக விட்டாலும், ஸ்க்ரூ சாய்ந்து ஏறினாலும் இதே ஒழுகல்தான்.

“நல்லா டைட் பண்ணுப்பா” என்று கீழே நின்று சொல்லும் வீட்டுக்காரர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வேலைக்கு, ஆழம் பார்த்துத் தானே நிற்கும் ஸ்க்ரூ கன்தான் பொருத்தமான கருவி. அது கையில் இல்லாமல் இம்பாக்ட் டிரைவரில் செய்தால், முனை இரும்பைத் துளைக்கும் வரை சீரான அழுத்தம் கொடுத்து, மரை பிடித்ததும் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். முழு வேகத்தில் அழுத்தினால் முனை சூடாகி மழுங்கிவிடும். துளைக்கும்போது விழும் இரும்புத் துகளை அன்றைக்கே துடைப்பத்தால் பெருக்கிவிட வேண்டும். விட்டால் அது துருப்பிடித்து, புது ஷீட்டில் பழுப்புக் கறையாகப் படியும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மாற்றும் வேலை என்றால் இரட்டை ஆபத்து. ஏறி மிதித்தால் உடைந்து ஆள் கீழே விழலாம். துளைத்தால் பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு.

மர வேலையில் என்ன கவனிக்கணும்?

தேக்கு, வேங்கை போன்ற உறுதியான மரத்தில் முதலில் சின்ன பிட்டால் ஓட்டை போட்டுவிட்டு ஸ்க்ரூ ஏற்றினால் மரம் பிளக்காது. மரையில் கொஞ்சம் சோப்போ மெழுகோ தேய்த்துக்கொள்வது ஆசாரிகளின் பழைய வழக்கம். இம்பாக்ட் டிரைவர் காலத்திலும் அது பலன் தரும். பித்தளைக் கீலுக்கு வரும் பித்தளை ஸ்க்ரூவை இந்தக் கருவியிடம் காட்டவே கூடாது. தலை கழன்று கையோடு வந்துவிடும். அது கை ஸ்க்ரூடிரைவர் வேலை. மாடுலர் கிச்சனில் வரும் பார்ட்டிகிள் போர்டும் அப்படித்தான். ஒரு தட்டு அதிகமானாலும் மரை பிடித்த இடம் தூளாகிவிடும், பிறகு அந்த ஓட்டையில் ஸ்க்ரூ நிற்காது.

பிட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண பிட் அடி தாங்காமல் சிதறலாம். இம்பாக்ட் என்று குறிப்பிட்டு விற்கும் பிட்டின் நடுத்தண்டு கொஞ்சம் முறுகிக் கொடுக்கும்படி செய்திருப்பார்கள். பிளஸ் மாதிரி தெரியும் எல்லா தலையும் ஒன்றல்ல. பிலிப்ஸ் தலைக்கு பிஎச்2 என்றால், சுற்றிலும் மெல்லிய கோடுகள் கொண்ட போசிடிரைவ் தலைக்கு பிஇசட்2. மாற்றிப் போட்டால் பிட் வழுக்கி, ஸ்க்ரூ தலை மழுங்கும்.

கண், காது, கை

ஷீட்டில் துளைக்கும்போது பறக்கும் இரும்புத் துகள் கண்ணில் விழுந்தால் கசக்கக் கூடாது, வேட்டி நுனியால் எடுக்கவும் கூடாது. கருவிழியில் ஒட்டிய இரும்பு ஒரே நாளுக்குள் துரு வளையம் உண்டாக்கக்கூடும். உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். கூலிங் கிளாஸ் இதற்குப் போதாது. பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

இந்தக் கருவியின் சத்தம் பொதுவாக 90 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம், 94-ல் 1 மணி நேரம், 100-ல் 15 நிமிடம்: காது தாங்கும் வரம்பு இது என்று அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்கிறது. மூடிய அறையில் நாள் முழுக்க வேலை செய்பவர்கள் காதில் பஞ்சை அடைத்தால் பயனில்லை. இயர் பிளக் வேண்டும்.

தோளில் துண்டு, துப்பட்டா, தளர்ந்த கையுறை எல்லாம் சுற்றும் பிட்டில் சிக்கும். சுவரில் ஸ்க்ரூ ஏற்றும்போது உள்ளே வயர் ஓடுகிறதா என்று தெரியாவிட்டால், மெயினை ஆஃப் செய்வது நல்லது. கருவிக்கு வயர் இல்லை என்பதால் ஷாக் அடிக்காது என்று நினைப்பது தப்பு; 230 வோல்ட் சுவருக்குள்ளிருந்து ஸ்க்ரூ வழியாக வரும். கைப்பிடியின் ரப்பர் பகுதியை மட்டும் பிடிக்கணும். பிட் மாற்றும்போது ஃபார்வர்ட், ரிவர்ஸ் பட்டனை நடுவில் வைத்தால் டிரிக்கர் பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்த உடனே பிட்டைத் தொட்டால் விரல் சுட்டுவிடும்.

48 வோல்ட், 88 வோல்ட் பேட்டரி உண்மையா?

18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ் என்று வெவ்வேறு பெயரில் வருவது ஒரே விஷயம்தான். உள்ளே வரிசையாக ஐந்து லித்தியம் அயான் செல். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18. முழு சார்ஜில் ஏறக்குறைய 4 என்று வைத்தால் 20. அதே சைஸ் பேட்டரியில் ‘48விஎஃப்’, ‘88விஎஃப்’ என்று பெரிதாக அச்சடித்து விற்கிறார்கள் என்றால், அந்த எண்ணை வோல்ட் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சார்ஜரின் அடியில் எழுதியிருக்கும் அவுட்புட் வோல்ட்டைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். ஐந்து செல் பேட்டரிக்கு அது 21 வோல்ட் அளவில்தான் இருக்கும்.

மே மாத வெயிலில் ஷீட் மேலேயே பேட்டரியை விட்டுவைப்பது, சூடு ஆறாமலே சார்ஜ் போடுவது இரண்டும் அதன் ஆயுளைக் குறைக்கும். சுமார் 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் போட வேண்டாம் என்றுதான் பெரும்பாலான கம்பெனிகளின் கையேடு சொல்கிறது. கழற்றிய பேட்டரியை ஸ்க்ரூ, ஆணி கிடக்கும் பையில் போடக் கூடாது. முனைகள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். உப்பிய பேட்டரியும், உயரத்திலிருந்து விழுந்து ஓடு விரிந்த பேட்டரியும் மறுபடி சார்ஜருக்குப் போகக் கூடாது, வீட்டுக் குப்பையோடும் போகக் கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.