மேரி ஆலிவரின் வாழ்வும் படைப்பும்: காதல், இறைநம்பிக்கை, நாய்கள்

முன்னுரை

அமெரிக்கக் கவிஞர் மேரி ஆலிவர் (1935–2019) இயற்கையைப் பாடியவராகவே பெரிதும் அறியப்படுகிறார். அவர்தம் முதுமையில் வெளிவந்த ‘டாக் சாங்ஸ்’ (2013) முழுவதும் நாய்களைப் பற்றிய தொகுப்பாகும். வளர்ப்புப் பிராணியின்மீது கொண்ட பாசத்தின் வெளிப்பாடு என அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. எனினும், அவருடைய காதலோடும் இறைநம்பிக்கையோடும் இணைத்து நோக்குங்கால், அப்பாடல்கள் அவர்தம் கவிதைக் கொள்கையின் மையத்தில் நிற்பது புலனாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாழ்க்கைப் பின்புலம்

ஆலிவர் ஒகையோ மாநிலத்தின் மேப்பிள் ஹைட்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த வீடு அவருக்குப் புகலிடமாக அமையவில்லை. சிறுவயதில் தாம் பாலியல் கொடுமைக்கு ஆளானதை 2011இல் ஒரு நேர்காணலில் அவரே வெளிப்படுத்தினார். வீட்டைவிட்டு அகன்று காடுகளில் திரிவதும் கவிதை நூல்களைப் படிப்பதுமே அவருக்குக் காப்பாயின. கல்லூரியில் பயின்றாராயினும் பட்டம் பெறவில்லை. முதல் தொகுப்பு 1963இல் வெளிவந்தது. ‘அமெரிக்கன் பிரிமிட்டிவ்’ என்னும் தொகுப்பு 1984ஆம் ஆண்டுக்குரிய புலிட்சர் பரிசைப் பெற்றது.

காதலும் இழப்பும்

மறைந்த கவிஞர் எட்னா செயின்ட் வின்சென்ட் மிலேயின் இல்லத்தில் அவருடைய சகோதரிக்கு உதவியாக இளமையில் ஆலிவர் தங்கியிருந்தார். 1950களின் இறுதியில் அவ்வில்லத்திலேயே ஒளிப்படக் கலைஞர் மோலி மலோன் குக்கைச் சந்தித்தார். இருவரும் மாசசூசெட்ஸ் கடற்கரை ஊரான பிராவின்ஸ்டவுனில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இணைந்து வாழ்ந்தனர். குக் 2005இல் மறைந்தார். அவர் எடுத்த ஒளிப்படங்களுடன் தம் உரைநடையைச் சேர்த்து ‘அவர் வேர்ல்டு’ (2007) என்னும் நூலை ஆலிவர் வெளியிட்டார். உணர்வு கலவாத கவனிப்பு வெறும் தகவலாகவே நின்றுவிடும் என்பதைக் குக்கிடம் கற்றதாக அந்நூலில் குறிப்பிடுகிறார். ஆகவே, காதல் அவருக்கு வாழ்க்கைத் துணையோடு பார்க்கும் முறையொன்றையும் அளித்தது எனலாம்.

இறைநம்பிக்கை

சிறுமியாக ஞாயிறு மறைப்பள்ளிக்குச் சென்ற ஆலிவர், உயிர்த்தெழுதல் கோட்பாட்டை ஏற்க இயலாமையால் திருச்சபையில் சேரவில்லை. குக்கின் மறைவை அடுத்து வெளிவந்த ‘தர்ஸ்ட்’ (2006) தொகுப்பிலோ துயரமும் கிறித்தவ நம்பிக்கையும் ஒருங்கே இடம்பெறுகின்றன. அங்கும் கோட்பாட்டு விளக்கம் முதன்மை பெறவில்லை. கண்முன் இருக்கும் எளிய பொருளைக் கூர்ந்து கவனிப்பதே வழிபாட்டின் தொடக்கம் என்னும் எண்ணமே மேலோங்குகிறது.

நாய்கள்

ஆலிவரின் வளர்ப்பு நாய்களுள் பெர்சி குறிப்பிடத்தக்கது. கவிஞர் பெர்சி பைஷ் ஷெல்லியின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. அந்நாய் பகவத்கீதை நூலொன்றைக் கடித்துத் தின்றதை ஒரு கவிதை நகைச்சுவையோடு கூறுகிறது. ஆனால் பெர்சியைப் போற்றும் மற்றொரு கவிதை வேறொரு மரபைச் சார்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் கிறிஸ்டோபர் ஸ்மார்ட், மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருந்தபோது ‘ஜூபிலேட் அக்னோ’ என்னும் இறைப்புகழ்ப் பாடலை இயற்றினார். அதில் தம் பூனை ஜெஃப்ரியை இறைவனின் ஊழியனாகக் கண்டு, அதன் அன்றாடச் செயல்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பாடுகிறார். ஆலிவர் இவ்வடிவத்தையே பெர்சிக்கு எடுத்தாள்கிறார். ஒரே சொல்லில் தொடங்கும் அடிகள் அடுத்தடுத்து வருவதால் நாயின் சிறு செயல்களும் துதிமாலையின் ஓசையைப் பெறுகின்றன. இறந்த பெர்சி மீண்டு வருவதாக அமைந்த கவிதையும் ‘எ தௌசண்ட் மார்னிங்ஸ்’ (2012) தொகுப்பில் உள்ளது. இளமையில் ஏற்க இயலாத உயிர்த்தெழுதல், கோட்பாடாக அன்றி அன்பின் அனுபவமாக இங்குத் திரும்பி வருகிறது எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

குக்கிடம் கற்ற கவனிப்பு, துயரத்தில் வழிபாடாகி, நாயிடம் துதியாக வெளிப்படுகிறது. எனவே காதல், இறைநம்பிக்கை, நாய்கள் என்பன ஆலிவரிடம் தனித்தனிப் பாடுபொருள்கள் அல்ல. ஒரே பயிற்சியின் மூன்று நிலைகளாகும். நாய்ப் பாடல்களை எளிய பாச வெளிப்பாடாக ஒதுக்கும் வாசிப்பு, அவருடைய பக்தியின் இயல்பையே தவறவிடும் என்பது இதனால் பெறப்படுகிறது.