வெயிலும் லூபஸும்

மாசி மாதத்து ஆற்றுக்கால் பொங்காலை நாளில் திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டைப் பக்கம் செல்கிறவர்கள், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து சாலைக் கடைத்தெரு வரையில், மூன்று செங்கற்களைக் கூட்டி, காய்ந்த தென்னம்பாளையை மூட்டி, மண்பானையில் அரிசியும் வெல்லமும் தேங்காயும் இட்டு, அது பொங்கும் தருணத்துக்காக நடுவெயிலில் பக்தியோடு காத்திருக்கும் ஸ்திரீகளின் வரிசையைக் காண்பார்கள். எல்லார் முகத்திலும் ஒரே சூரியனின் கிரணங்களே விழுகின்றன. ஆயினும் அக்கூட்டத்தில் லூபஸ் நோயுள்ள பெண் ஒருத்தி இருப்பாளாயின், அந்த வெயில் அவளுக்குக் கன்னத்தில் தடிப்பாகவும், மூட்டுகளில் வலியாகவும், சில சமயம் சிறுநீரகத்தையே தாக்கும் உபத்திரவமாகவும் பின்னர் விளையக்கூடும்.

உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலையே பகையாகக் கருதி, சருமம், மூட்டு, இரத்தக்குழாய் முதலியவற்றைத் தாக்கும் இணைப்புத் திசு வியாதிகளில் லூபஸ் முக்கியமானது. இதற்கு ஆளாவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பிள்ளைப்பேற்றுப் பருவத்தினர். கன்னங்களில் படரும் தடிப்பை 1840களின் நடுவில் வியன்னாவின் ஹெப்ரா என்ற வைத்தியர் வண்ணத்துப்பூச்சிக்கு ஒப்பிட்டார். அக்காலந்தொட்டு வெகுகாலம், வியாதி உள்ளே நடக்கிறது, சருமத்தில் அதன் அடையாளம் மட்டுமே தோன்றுகிறது என்ற எண்ணமே நிலவிவந்தது. அந்த எண்ணம் பாதி உண்மைதான்.

மேற்றோலின் பெரும்பகுதி கெரட்டினோசைட் என்னும் உயிரணுக்களால் ஆனது. புறஊதாக் கிரணம் பட்டு இவை மடியும்போது, உட்கருவில் மறைந்திருக்க வேண்டிய பொருள்கள் அணுவின் மேற்பரப்புக்கு வந்து கொப்புளங்களாகத் திரள்வதை, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 1994இல் எடுத்துக்காட்டினர். ஆரோக்கியமான உடலில் இச்சிதைவுகள் உடனே அகற்றப்பட்டுவிடும். லூபஸில் அவை தேங்கி நின்று, எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் பட்டு, அதன் கோபத்தைக் கிளறுகின்றன. இதனினும் வியப்பானதொன்றை மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2018இல் வெளியிட்டனர்: லூபஸ் நோயாளியின் கெரட்டினோசைட்டுகள், இன்டர்ஃபெரான் கப்பா என்ற அபாய அறிவிப்புப் பொருளைத் தாமே மிகுதியாகச் சுரக்கின்றன, அதன் வசப்பட்ட அணுக்கள் சிறு வெயிலுக்கும் எளிதில் மடிகின்றன, மடிந்தவை மேலும் இன்டர்ஃபெரானைத் தூண்டுகின்றன. தடிப்பே இல்லாத, பார்வைக்குக் குற்றமற்ற தோலிலும் இந்த நிலை காணப்படுகிறது என்பதை நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டும். 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராயிருந்த லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்த மற்றொரு வகைத் தோலணுக்கள், கெரட்டினோசைட்டுகளை வெயிலிலிருந்து காக்கும் காவலைச் செய்வதாகவும், லூபஸில் அக்காவல் குன்றுவதாகவும் எலிகளில் நடந்த சோதனைகள் உணர்த்துகின்றன. ஆகவே சருமத்தை இவ்வியாதியின் சாட்சியாக மாத்திரமன்றி, அதன் கர்த்தாக்களில் ஒன்றாகவும் கொள்வதே பொருந்தும்.

நம் நாட்டுப் பெண்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வெள்ளையர் முகத்தில் செக்கச்சிவந்து தெரியும் தடிப்பு, நம் மாநிறத்திலும் கருநிறத்திலும் ஊதாவாகவோ கறுப்பாகவோ தோன்றுவதால், "வெயிலில் கறுத்துவிட்டாய்", "மங்கு விழுந்திருக்கிறது" என்று வீட்டார் தேற்றிவிட, கடைக்களிம்பில் மாதங்கள் கழிகின்றன. மூக்கோரத்திலிருந்து வாய்மூலைக்கு இறங்கும் மடிப்பை விட்டுவிட்டு இருகன்னங்களிலும் படர்ந்த தடிப்பும், கூடவே மூட்டுவலியோ, முடி உதிர்தலோ, வாய்ப்புண்ணோ இருந்தால் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

குடை, முழுக்கைச் சட்டை, சூரியத் தடுப்புக் களிம்பு ஆகியவை இந்நோயாளிக்கு அலங்காரமல்ல, சிகிச்சையின் அங்கமே. வெயிலைத் தவிர்ப்பதால் குறையும் வைட்டமின் டி சத்தை வைத்தியர் மாத்திரையாகக் கொடுப்பார். இன்டர்ஃபெரான்கள் அணுக்களின்மேல் வந்து பற்றும் இடத்தையே அடைக்கும் அனிஃப்ரோலுமாப் என்ற மருந்து 2021இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது, விலையோ அதிகம். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி தொடங்கிய அதே 1951இல், மலேரியா மருந்தொன்று லூபஸுக்கும் உதவுவதை இங்கிலாந்தின் பேஜ் என்பவர் எழுதினார். அம்மருந்தின் இனத்தைச் சேர்ந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின்தான் இன்றும் பெரும்பாலோரின் அன்றாட மாத்திரை. நெடுங்காலம் உண்போர் கண்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தடிப்பு மறைந்துவிட்டதென்று தாமாகவே அம்மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தெளிந்த தோலுக்குள்ளும் அணுக்கள் இன்டர்ஃபெரானைச் சுரந்துகொண்டிருப்பதால், நிறுத்துவதா குறைப்பதா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.